பள்ளி அரங்கத்தைத் திறவுங்கள், வாடகையும் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழா முடிந்த மறுநாளே பள்ளிக் கலையரங்கங்களுக்குப் பூட்டுப் போடப்படுவதைப் பற்றி வாசகர் ஒருவர் உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தார். அவற்றைத் திறந்து ஊர்க் கலைஞர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. திறக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இலவசமாக ஒருவருக்கும் தரக் கூடாது என்பேன்.

காட்பாடியில் மைக் செட், மேடை விளக்கு வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். குடியாத்தம் முதல் ஆற்காடு வரை பல பள்ளி மேடைகளில் ஒயர் இழுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை, இந்த அரங்கங்களைக் கெடுத்தது ஓசிதான். யாரோ ஒரு பிரமுகர் தொலைபேசியில் சொல்வார், சாவி கைமாறும். வந்தவர்களின் ஆளே ஆம்ப்ளிபயரைத் திறப்பார், ஸ்பீக்கர் கருகும், முன்திரையின் கயிறு அறுந்து தொங்கும். பணம் கட்டியவரும் இல்லை, கையெழுத்துப் போட்டவரும் இல்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் தலைமையாசிரியர் பூட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காணாமல் போன மைக்குக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். முன்திரையும் பக்கத்திரைகளும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தூசியிலும் வேலூர் வெயிலிலும் அவை ஐந்து ஆண்டு தாங்கினால் பெரிய காரியம். ஆண்டுக்கு 40 நாள் அரங்கம் வெளியாருக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு நாளும் திரை மட்டும் 500 ரூபாய்க்குத் தேய்கிறது. விளக்கு, மின்விசிறி, நாற்காலி, கழிப்பறை, துப்புரவுப் பணியாளரின் கூலி எல்லாம் இதற்கு மேல். வாடகை வாங்காத பள்ளிக்கு இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை, திரை கிழிந்து தொங்கும் நாளில்தான் தெரிகிறது. அப்போது நன்கொடையாளரைத் தேடி அலைவார்கள்.

வாடகை கேட்டால் கலைஞர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கலாம். இப்போதும் அவர்கள் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், கல்யாண மண்டபங்களுக்கு. அங்குள்ள மேடை, மணமக்கள் நாற்காலிக்காகக் கட்டியது. பக்கத்திரை கிடையாது, ஆடுபவர் மறைந்து நிற்க இடம் கிடையாது, பின்னால் தெர்மாகோல் அலங்காரம் ஆணி அடித்து நிற்கும். முகூர்த்த நாளில் பக்கத்திலேயே போக முடியாது. அதனால்தான் நம் ஊர் நடனப் பள்ளிகள் ஆடியையும் மார்கழியையும் பார்த்துக் காத்திருக்கின்றன. தெருக்கூத்துக்காரர்கள் நிலை இன்னும் மோசம். பழைய வட ஆற்காடுதான் கூத்துக்குப் பேர்போன நிலம். 1989இல் மாவட்டம் பிரிந்தபோது கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை கிராமம் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, அது வேறு விஷயம். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் திறந்தவெளியில் கூத்து ஆடும் களரிக்கு வழியில்லை. அந்த மாதங்களில் ஒரு பள்ளி அரங்கம் நியாயமான வாடகைக்குக் கிடைத்தால், மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும் சுருக்கமான கூத்தை டிக்கெட் வைத்தே நடத்தலாம். கூத்தில் ஊதும் குழல் கருவியான முகவீணையின் சத்தத்தை மழை இரைச்சல் இல்லாமல் கேட்பதே தனிச் சுகம்.

கலிஃபோர்னியாவில் என் தங்கை மகளின் பெண்ணுக்கு அரங்கேற்றம் நடந்தது ஒரு பள்ளி அரங்கில்தான். அங்கே பள்ளிகளுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு, அரங்கம் அதற்குச் சொந்தம். நம் தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழாவுக்கு எடுப்பதும் பெரும்பாலும் இதுபோன்ற இடங்களைத்தான். தொழில் புத்தி விடாததால், அவர்கள் கட்டிய ரசீதை வாங்கிப் படித்தேன். அரங்கத்துக்கு மணிக் கணக்கில் ஒரு தொகை, பள்ளியின் விளக்கு ஆளுக்குத் தனி, துப்புரவுக்குத் தனி. நிகழ்ச்சி நடத்துபவர், சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் தர வேண்டும். அந்த மாநிலக் கல்விச் சட்டத்திலேயே இரண்டு விதக் கட்டணத்துக்கு இடம் இருக்கிறது. ஒன்று நேரடிச் செலவை மட்டும் ஈடுகட்டுவது. இன்னொன்று நியாயமான சந்தை வாடகை. டிக்கெட் விற்று, அந்த வரவு மாணவர் நலனுக்கோ அறப்பணிக்கோ போகாவிட்டால் இரண்டாவது விதம். அந்த ஊர்ச் சம்பளத்துக்கு ஏற்ற தொகை நமக்குச் சரிவராது. காப்பீட்டைக் கேட்டால் நம் கூத்து வாத்தியார் சிரிப்பார். ஆனால் யாருக்கு என்ன கட்டணம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்கு டாலர் தேவையில்லை.

இங்கே மூன்று கட்டணம் போதும். பள்ளி நிகழ்ச்சிக்கும் கலைத் திருவிழாவுக்கும் கட்டணம் இல்லை. ஊர்க் கலைக்குழு, நடனப் பள்ளி, இலக்கிய மன்றம் ஆகியவற்றுக்குச் செலவுத் தொகை. வணிக நிறுவனங்களுக்கு மண்டபத்துக்கு நிகரான வாடகை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதற்கும் கூடாது. கல்யாணத்துக்கு ஒரு முறை விட்டால் அடுத்த வாரம் மேடைக்குப் பின்னால் சமையல் அடுப்பு வந்துவிடும்.

கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். வரவை அவர்கள் பார்வையில் தனிக் கணக்கில் போட்டு, அரங்கப் பராமரிப்பு தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாது. சுண்ணாம்பு அடிக்க, சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்க என்று ஆரம்பித்தால் போச்சு. அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் இதற்கு அனுமதி யார் தருவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. மாவட்ட நிர்வாகம் ஒரே உத்தரவில் தெளிவுபடுத்தலாம்.

தொழில்காரனாகச் சில வார்த்தை. பழைய ஆயிரம் வாட் ‘பார்’ (PAR) மேடை விளக்குகள் பன்னிரண்டு போட்டால் பன்னிரண்டு கிலோவாட், பள்ளியின் ஒயர் சூடாகிவிடும். எல்.இ.டி. விளக்கு என்றால் இரண்டு கிலோவாட்டுக்குள் முடியும், ஜெனரேட்டர் டீசலும் மிச்சம். ஆம்ப்ளிபயர் அறையின் சாவி பள்ளி நியமித்த ஆளிடம் மட்டும் இருக்கட்டும், அவர் கூலி வாடகைச் சீட்டிலேயே சேரட்டும். விளக்குப் பலகை இயக்க முன்னாள் மாணவர்களைப் பழக்கலாம், ஏணியில் ஏற்ற வேண்டாம். சுழலும்போது மைக்கில் இரைகிற மின்விசிறிகளை மாற்றாமல் புது ஸ்பீக்கர் வாங்குவது வீண். ஞாயிற்றுக்கிழமை கழிப்பறை திறந்திருக்க வேண்டும், பெண்கள் உடை மாற்றக் கதவுள்ள அறை வேண்டும். இரண்டும் இல்லாத அரங்கத்துக்கு ஒரு ரூபாய்கூட வாடகை கேட்க முகம் இருக்காது. 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் இழந்த பிறகும் பக்கவாட்டுக் கதவை மறித்து உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருக்கும் அரங்கங்களை இன்றும் பார்க்கிறேன். முதல் வாடகைக்கு முன்னால் அந்தப் பெஞ்சுகள் வெளியேற வேண்டும்.

தேர்வு மாதங்களில் அரங்கம் பள்ளிக்கே. மீதி நாட்களின் அட்டவணையையும் கட்டணத்தையும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே வாசலில் எழுதித் தொங்கவிடலாம். முன்பணம் கட்டியவரின் தேதியை எந்த விஐபி வந்தாலும் மாற்றக் கூடாது. மாற்றினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்று சீட்டிலேயே அச்சடித்துவிட்டால் தொலைபேசிகள் குறையும்.

எந்தப் பள்ளியாவது தொடங்க முன்வந்தால், ஒயரிங்கையும் ஒலி அமைப்பையும் சோதித்துத் தர வருகிறேன். இலவசமாக அல்ல, பாதிக் கூலிக்கு.

இப்படிக்கு,
ஒலி-ஒளி அமைப்பாளர்,
காட்பாடி.

(பெயரை வெளியிட வேண்டாம். நாளைக்கும் இதே பள்ளிகளுக்குத்தான் மைக் கட்டப் போக வேண்டும்.)