லாக் புக்கைத் தபாலில் போட்டுவிடாதே

அன்புள்ள வசந்தி,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, மன்னித்துவிடு. இங்கே எல்லாரும் நலம். மஞ்சுவின் பரீட்சை முடிந்தது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பாலா சித்தப்பா இன்னும் அதே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். நீ விருப்ப எண்ணாக வாங்கிக் கொடுத்த புது நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் சேகர் அண்ணா நிற்கிற நிற்பு! கல்யாண ஆல்பத்தில்கூட மனிதர் இப்படிச் சிரித்ததில்லை. ஆனால் அடியில் நீ எழுதியிருந்தாயே, "அடுத்த மாதம் இந்தக் காரை விற்றுவிட்டு லீஸில் புதுசு எடுக்கிறோம்" என்று, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரியில் லண்டனைச் சுற்றிப் போகிற எம்25 சாலையில் எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு வாரம் கழுத்து வலி, அவ்வளவுதான், கடவுள் புண்ணியம். கார்தான் பின்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. பழுது பார்க்கிற செலவு காரின் விலையைத் தாண்டும் என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் ரைட் ஆஃப் செய்துவிட்டது. ஒரு தொகை சொன்னார்கள், நியாயமாகத்தான் இருந்தது. சம்மதித்து, காரின் பதிவு ஆவணமான லாக் புக்கைத் தபாலில் அனுப்பினால் முடிந்தது என்றார்கள். இவர் கவரில் போட்டு ஒட்டி, காலையில் தபாலில் சேர்க்கலாம் என்று வாசல் மேசையில் வைத்துவிட்டார்.

அன்று மாலை, கார் நிற்கிற யார்டிலிருந்து உள்ளே கிடந்த குடையையும் மஞ்சுவின் பையையும் எடுத்துப் போகச் சொல்லி ஒரு பையன் போன் செய்தான். எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டான்: "நம்பரை எடுத்துவிட்டீர்களா? பணம் வாங்கிக்கொண்டு காரை விட்டுவிட்டால் அதுவும் காரோடு போய்விடும்." எனக்குக் கை நடுங்கிவிட்டது, வசந்தி.

அது அப்பாவின் எண். உனக்குத் தெரியும், அந்த 'ஜே'யும் 7-உம் அம்மா பெயரின் மூன்று எழுத்தும். 7 அவர்கள் கல்யாணத் தேதி. வண்டிகளைப் பதிவு செய்கிற அரசு அலுவலகமான டிவிஎல்ஏ இப்படி எண்களை விற்க ஆரம்பித்ததே 1989-இல்தான். அப்பா மூன்றாவது வருடமே வாங்கிவிட்டார், இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தில். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதை அவர் காரில் மாட்ட முடியாது என்று. அப்போது எண்ணின் முதல் எழுத்துதான் காரின் வருடத்தைச் சொல்லும். அந்தக் கார் 'ஈ' எழுத்து, 1988. காரை அதன் வயதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணைப் போடக் கூடாது என்பது சட்டம். 'ஜே' 1991 ஆகஸ்டில் வந்த எழுத்து. பாவம், சான்றிதழை சாமி அலமாரியில் வைத்துக்கொண்டு, புதுக் கார் வாங்கும்வரை காத்திருந்தார். நீயும் நானும் அதைத் திறந்து திறந்து பார்ப்போமே, நினைவிருக்கிறதா?

அன்றைக்கு மணி இரவு ஏழரை. எண்ணைக் காரிலிருந்து எடுக்கும் இணையச் சேவை ஏழு மணியோடு மூடிவிடுகிறது. இரவு முழுக்க அந்தக் கவரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். காலையில் திறந்ததும் உட்கார்ந்தோம். லாக் புக்கில் இருக்கும் 11 இலக்க எண்ணைப் போட்டு, 80 பவுண்டு கட்டி, பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பாவின் எண்ணுக்குப் பதிலாகக் காருக்குக் கிடைத்த வேறு எண்ணை இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொன்னோம், அவர்கள் ஒன்றும் மறுக்கவில்லை. சில நாளில், அந்த எண்ணின் உரிமை நம்மிடம் இருக்கிறது என்று காட்டும் வி778 சான்றிதழ் வீட்டுக்கு வந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதிலிருந்துதான் எனக்கு விஷயமே புரிந்தது. நாம் "எங்கள் நம்பர்" என்கிறோம். ஆனால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் எண் நமக்குச் சொந்தமில்லை, அது அரசுடையது. நம்மிடம் இருப்பது அதைப் பயன்படுத்தும் உரிமை. எண் காரில் இருக்கும்வரை, அந்தக் காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் அந்த உரிமை. 2014-இல் '25 ஓ' என்ற எண் ஏலத்தில் 4 லட்சம் பவுண்டுக்குப் போனது, வரியும் கட்டணமும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல். அதற்கும் இதே கதைதான். காரோடு விற்றுவிட்டால் வாங்கியவருடையது. வண்டி நசுங்கிப்போனால் எண்ணும் போச்சு.

அதனால் சேகர் அண்ணாவிடம் இன்றைக்கே சொல். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே எண்ணை எடுத்துச் சான்றிதழாக்கி வைக்கட்டும். வாங்குபவர் கையில் லாக் புக்கைக் கொடுத்த பிறகு கெஞ்சிப் பயனில்லை. சான்றிதழுக்குப் பத்து வருடம் ஆயுள். புதுப்பிக்கப் பணம் கிடையாது, ஆனால் தேதியைத் தவறவிட்டால் உரிமை ஒரேயடியாகப் போய்விடும், திரும்ப வராது. நான் மஞ்சுவின் போனிலும் அந்தத் தேதியைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் லீஸ். அதுதான் எனக்குப் பெரிய பயம். லீஸ் காரில் பதிவு அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும். எண்ணை அதில் ஏற்றினால் உரிமை அவர்கள் பக்கம் போய்விடும். ஏற்றுவதற்கு முன்பே, ஒப்பந்தம் முடியும்போது திருப்பித் தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். முடிவதற்குப் பல வாரம் முன்னாலேயே எடுத்துவிடச் சொல்லி ஆரம்பித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், அந்த மூன்று வருடமும் சான்றிதழாகவே அலமாரியில் இருக்கட்டும். அப்பா காத்திருக்கவில்லையா?

லாக் புக் உங்கள் கார் டேஷ்போர்டில் கிடந்ததை நான் போன தடவையே பார்த்தேன். முதல் வேலையாக அதை வீட்டுக்குள் கொண்டு வா. அந்த 11 இலக்கத்தை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே, சான்றிதழையும்தான். எண்ணை விற்கிற யோசனை என்றைக்காவது வந்தாலும், பணம் கணக்கில் ஏறும்வரை சான்றிதழின் நகல்கூட வெளியே போகக் கூடாது. பிளேட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, ஏனென்றால் கடையில் புதுசு செய்ய அடையாளமும் ஆவணமும் காட்ட வேண்டும். கழற்ற முடியாத ஸ்க்ரூ சில பவுண்டுதான், போட்டுவிடுங்கள். பிளேட் போனால் உடனே போலீஸில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எவனோ ஓட்டியதற்கு உங்கள் வீட்டுக்கு அபராதம் வரும். பிளேட் போனதால் மட்டும் உரிமை போய்விடாது. காரே திருடு போனால்தான் கஷ்டம். அன்றைய தேதியில் எம்ஓடியும் (வண்டி ஓட்டத் தகுதியானதா என்ற வருடாந்தரச் சோதனை) வரியும் சரியாக இருந்திருந்தால்தான் எண்ணைத் திரும்பக் கேட்க முடியும், போலீஸ் புகார் எண்ணும் வேண்டும்.

இன்னொன்று, அண்ணா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தப் பிளேட்டில் எழுத்துகளை நெருக்கி, நடுவில் கறுப்பு ஸ்க்ரூ வைத்துத் தன் பெயராகத் தெரியும்படி செய்திருக்கிறாரே, அது அழகுதான், ஆனால் சட்டப்படி தப்பு. எழுத்துக்கு எழுத்து 11 மில்லிமீட்டர், இரண்டு பகுதிக்கும் நடுவே 33 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1,000 பவுண்டுவரை அபராதம், எம்ஓடியிலும் தேறாது. பணத்தைவிட மோசம், டிவிஎல்ஏ எண்ணையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்தது, அது ஒரு ஸ்க்ரூவால் போக வேண்டுமா?

எங்கள் எண்ணை இப்போது என் சின்னக் காருக்கு மாற்றிவிட்டேன். ஏற்கெனவே கட்டிய 80 பவுண்டிலேயே அதுவும் அடங்கிவிட்டது. முதல்முறையாகப் பதிவு என் பெயரில் இருக்கிறது. இத்தனை வருடம் அது என் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் லாக் புக்கில் என் பெயரையும் அந்த 7-ஐயும் ஒரே தாளில் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். லாக் புக்கையும் வங்கி அட்டையையும் கையில் வைத்திரு, அண்ணாவையும் பக்கத்தில் உட்கார வை. சேர்ந்தே செய்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
சுமதி