எட்டு போட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மைதானத்தில் காலையில் நடப்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. வரிசையில் வண்டிகள், கையில் ஃபைலோடு டிரைவிங் ஸ்கூல்காரர்கள், தரையில் அந்த எட்டு. கால் ஊன்றாமல் போட்டுவிட்டால் உரிமம். அப்படி மூன்று மாதம் முன்பு உரிமம் வாங்கிய ஒரு பையனைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு நாள் காலை ஏழரை மணிக்குக் குப்பை வண்டி எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது. 71 வயதான என் அம்மா, பக்கெட்டைக் கொட்டிவிட்டு வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வீட்டுக்குத் திரும்பினார். பின்னால் பைக்கில் வந்த பையன் ஹாரன் அடித்துக்கொண்டே குப்பை வண்டியை ஓவர்டேக் செய்தான். விழுந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பையனைக் குறை சொல்ல மனமில்லை. ஓடிவிடாமல் அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். எக்ஸ்ரே அறை வாசலில் நின்று, "ஹாரன் அடிச்சேனே அங்கிள்" என்று மூன்று முறை சொன்னான். பொய்யில்லை, அடித்தான். ஹாரன் அடித்தால் வழி தனக்கு என்று உண்மையாகவே நம்புகிறான். நிற்கும் வண்டிக்கு முன்னாலிருந்து ஆள் வரலாமே என்று அவனை யாரும் கேட்டதில்லை. உங்கள் மைதானத்திலும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது சேலை கட்ட முடியாது. கொசுவம் மடிக்க இரண்டு கையும் வேண்டுமே. நைட்டியோடு வாசலில் நிற்பது அவர் பழக்கமில்லை. ஆகவே ஒரு மாதமாக வாசலுக்கே வருவதில்லை. கீரைக்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுவிட்டுப் போகிறார். ஸ்பூன் கொடுத்தால், "நான் என்ன நோயாளியா?" என்று கோபம். என் மகள் சோற்றைப் பிசைந்து உருட்டித் தந்தால் இடது கையில் வாங்கிச் சாப்பிடுகிறார்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பைக், ஒரு நொடியில் 36 அடி கடக்கும். எங்கள் வீட்டின் முகப்பு 30 அடி. ஆளைப் பார்த்து, பிரேக்கில் கை வைப்பதற்குள் ஒரு வீடு தாண்டிவிடும். தெருவின் அகலமோ 20 அடிதான், அதிலும் இரண்டு பக்கமும் கார்கள். குப்பை வண்டிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது பின்னால் நின்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. அந்த அரை நிமிடம் நிற்கத் தெரிகிறதா என்றுதான் சோதிக்கச் சொல்கிறேன்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பாதுகாப்பாக முந்தத் தெரிகிறதா, பிறர் முந்த இடம் கொடுக்கத் தெரிகிறதா என்பதும் தேர்வில் பார்க்க வேண்டியவற்றில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்திய 184ஆம் பிரிவோ, சட்டத்துக்கு மாறாக முந்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்து, முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. வசூலிக்க இவ்வளவு தெளிவு. ஆனால் எட்டுக்குள் யாரை முந்துவது? அங்கே எதிரே வருபவர் இல்லை, பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தை இல்லை, குப்பை வண்டியும் இல்லை.

எட்டால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, பிறகு மூட மறந்த பள்ளங்களை எங்கள் பிள்ளைகள் வளைந்து வளைந்து கடப்பதைப் பார்த்தால் உங்கள் பயிற்சியின் அருமை புரிகிறது. 'மெதுவாகச் செல்லவும்' பலகையும் இருக்கிறது, காதணி விழா ஃபிளெக்ஸுக்குப் பின்னால். சரி, அதெல்லாம் உங்கள் துறை இல்லை. மன்னிக்கவும்.

நான் கேட்பது இதுதான்: எட்டு போட்ட பிறகு ஒவ்வொருவரையும் ஒரு குடியிருப்புத் தெருவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிற்கும் வண்டிக்குப் பின்னால் காத்திருக்கிறாரா, ஹாரனை அமுக்கிக்கொண்டு நுழைகிறாரா என்று உங்கள் ஆய்வாளர் பார்க்கட்டும். நுழைந்தால் உரிமம் தராதீர்கள்.

அடுத்த மாதம் என் மகள் உங்களிடம் டெஸ்டுக்கு வருகிறாள். எட்டு நன்றாகவே போடுவாள். தயவுசெய்து அவளையும் தெருவுக்கு அழைத்துப்போய்ப் பாருங்கள். ஃபெயில் ஆக்கினாலும் சிபாரிசுக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
எட்டு மட்டுமே போட்டு உரிமம் வாங்கிய இன்னொருவன்