ஸ்லாலம் நார்வேச் சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், பனிச்சறுக்குப் போட்டிகளை விளக்கும் குறிப்பில், 'ஸ்லாலம்' என்பது வளைந்து நெளிந்து செல்வதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் என்று அச்சாகியிருந்தது. அது நார்வே மொழிச் சொல். அதன் இரு உறுப்புகளில் எதற்கும் வளைவு என்ற பொருள் கிடையாது.

நார்வேயின் தெலமார்க் பகுதியிலுள்ள மோர்கெடால் ஊரார் பேச்சில் 'ஸ்லா' என்றால் மெல்லச் சாய்ந்திறங்கும் மலைச்சரிவு. 'லோம்' என்றால் சறுக்கிச் சென்றவரின் பின்னே பனியில் பதிந்து கிடக்கும் தடம். சரிவில் உள்ள தடம் என்று விரிவதால், நம் 'மலைக்குகை'யைப் போல இதையும் ஏழாம் வேற்றுமைத்தொகை என்று சொல்லிவிடலாம். ஈற்றில் ஒலிப்பது ஓகாரத்தை ஒட்டிய நெடில். அதை இரண்டு 'a' போட்டு எழுதிவந்த நார்வேயர், 1917-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் தலையில் சிறு வட்டம் தாங்கிய ஒற்றை எழுத்தாக்கினார்கள். ஆங்கிலேயர் அந்த நெடிலைக் குறுக்கி உச்சரிக்க, அவர்கள் வழியே பெற்ற நாம் 'லம்' என்கிறோம்.

இதே ஈற்றோடு அவ்வூரில் வேறு தொகைச்சொற்களும் வழங்கின. பாறை விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டிய தடம் 'உஃப்செலோம்'. கண்மண் தெரியாமல் பாய்வோர்க்கான, தடைகள் பல நிறைந்த தடம் 'உவீர்ட்ஸ்லோம்'. இவற்றின் நடுவே 'ஸ்லாலோம்' மிகவும் சாதுவானது. கடினமான சரிவுகளில் இறங்க இன்னும் துணிவு வராத சிறுவர் சிறுமியர் சறுக்கிப் பழகிய தடத்துக்கே அந்தப் பெயர். (1952 ஓஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கின் சுடர், அதே மோர்கெடாலில் பனிச்சறுக்கு முன்னோடி சோன்ட்ரே நூர்ஹைம் பிறந்த குடிசையின் அடுப்பில் ஏற்றப்பட்டது என்பது, அவ்வூரின்மீது அந்நாட்டார் வைத்திருக்கும் மதிப்பைக் காட்டும்.)

வளைவு பின்னால் வந்து சேர்ந்தது. 1922-இல் சுவிட்சர்லாந்தின் மியூரன் சரிவில் ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர் இணை இணையாகக் கம்பங்களை நட்டு, அவற்றினூடே மாறி மாறித் திரும்பி இறங்கும் போட்டியை வகுத்தபோது, குழந்தைகளின் தடத்துக்கு இருந்த பெயர் அதன்மேல் ஏறிக்கொண்டது. 1948 சான் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் அதற்கெனத் தனிப் பதக்கமும் வந்துவிட்டது.

'சரிவுத்தடம்' என்று தமிழாக்கினால் சொற்பிறப்புக்குப் பொருந்துமே தவிர, இன்றைய ஆட்டத்துக்குப் பொருந்தாது. ஆகவே ஸ்லாலம் என்றே எழுதிவரலாம். பிரெஞ்சு என்ற இடத்தில் மட்டும் நார்வே என்று திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்