ஒரு தவணை தவறியதற்கு ஓராண்டு தாமதமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"சிபில் ஸ்கோர் 15 நாளில் ஏற்றித் தரப்படும்" என்ற விளம்பரம் பேருந்து நிலையச் சுவரிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கமும் இதற்கு விலக்கில்லை. நாம் கடனைக் கட்டிவரும் விதத்தைப் பார்த்துப் போடும் மதிப்பெண்தான் இந்த ஸ்கோர்; அந்த விவரம் முழுவதும் இருப்பது கடன் ரிப்போர்ட்டில். தவணையைத் தாமதமாகக் கட்டியதால் கடன் மறுக்கப்பட்டவர்கள்தான் அந்த விளம்பரத்தில் உள்ள எண்ணைக் கூப்பிடுகிறார்கள். உண்மையிலேயே நடந்த தாமதத்தைக் காசு வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. ஆனால் பலருடைய ரிப்போர்ட்டைக் கெடுத்திருப்பது அந்த ஒரு மாதத் தாமதம் மட்டுமல்ல. அது தீராமல் மாதாமாதம் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருப்பதுதான். அதை நிறுத்த ஏஜென்ட் வேண்டியதில்லை.

நகலெடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்பதுபோல எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டையும் சிபில் என்கிறோம். இந்தியாவில், கடன் கொடுப்பவர்கள் அனுப்பும் தகவலைத் தொகுத்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் உள்ள விதி. அவரவர் இணையதளத்தில் பான் எண்ணும் கைபேசி எண்ணும் கொடுத்து எடுக்கலாம். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒன்றில் சரியாக இருக்கும் கணக்கு இன்னொன்றில் தவறாக இருப்பதுண்டு என்பதால், சிக்கல் வந்தவர் நான்கையும் எடுப்பது நல்லது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லாரும் ஸ்கோரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒவ்வொரு கணக்குக்கும் கீழே உள்ள மாதக் கட்டங்களை. 36 மாதத்துக்கு வரிசையாக எண்கள் இருக்கும். தவணை எத்தனை நாள் தாண்டி நிற்கிறது என்பதே அந்த எண், டி.பி.டி. என்பார்கள். 000 அல்லது எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு, அதாவது ஒழுங்கான கணக்கு) என்றிருந்தால் கவலையில்லை. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றிருந்தால் அந்த மாதத் தகவலைக் கடன் கொடுத்தவர் அனுப்பவில்லை என்று பொருள். அது நம் குற்றமல்ல. அதோடு 'கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி', 'நிலுவைத் தொகை' என்ற இரண்டு வரிகளையும் பார்க்க வேண்டும். போன மாதம் கட்டிய பணம் ரிப்போர்ட்டில் ஏறாததற்குக் காரணம், தகவல் தேதி அதற்கு முந்தையதாக இருப்பதாகவே இருக்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. இருசக்கர வாகனக் கடன், மாதத் தவணை ரூ.4,200, ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி. ஜூன் 5 அன்று வங்கியில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகிறது. ஜூலை 5 அன்று 4,200 சரியாகப் பிடிக்கப்படுகிறது. ஜூன் மட்டும்தானே விட்டுப்போனது என்று கடன் வாங்கியவர் நினைக்கிறார். ஆனால் வருகிற பணம் பழைய பாக்கிக்குத்தான் முதலில் போகும். ஜூலையில் வந்த 4,200 ஜூன் தவணையைத் தீர்க்கிறது. ஜூலைத் தவணை நிற்கிறது. ஜூலை 31 அன்று அது 26 நாள் பாக்கி. ஆகஸ்டு 5 அன்று வருவது ஜூலைக்குப் போகிறது, ஆகஸ்டு நிற்கிறது. ஆகஸ்டு 31 அன்றும் 26. செப்டம்பர் 30 அன்று 25. தவறியது ஒரே தவணை. அடுத்த ஜூனில் ரிப்போர்ட்டை எடுத்தால் 12 கட்டங்களிலும் 25, 26 என்று (பிப்ரவரியில் மட்டும் 23 அல்லது 24) நிற்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு இவர் ஓராண்டாகத் தாமதமாகவே கட்டுகிறவர். ஒரே ஒரு முறை கூடுதலாக 4,200 கட்டியிருந்தால் ஜூலையிலேயே 000-வுக்கு வந்திருக்கும்.

இதைவிட நுணுக்கமான கண்ணி ஒன்று உண்டு. பவுன்ஸ் ஆனதற்குக் கட்டணம் ரூ.590 என்று வைத்துக்கொள்வோம். தவணையைத் தனியாகக் கட்டிவிட்டு இந்த 590-ஐ விட்டுவிடுகிறோம். சில நிறுவனங்களின் ஒப்பந்தப்படி வருகிற பணத்தில் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தவணைக்கு வைப்பார்கள். அப்போது தவணையில் 590 குறைகிறது. 590 ரூபாய் பாக்கியானாலும் நாள் எண்ணிக்கை ஓடத்தான் செய்யும்.

ஆகவே தாமதமாகிவிட்டது என்று தெரிந்ததும் முதல் வேலை, கடன் கொடுத்த இடத்தில் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குவது. தவணை அட்டவணை போதாது. அதில் கட்ட வேண்டியதுதான் இருக்கும், கட்டியது எதற்கு வரவு வைக்கப்பட்டது என்பது இருக்காது. ஸ்டேட்மென்டில் கடைசிப் பாக்கி எவ்வளவு, அதில் தவணை எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, அத்தனையையும் ஒரே நாளில் கட்டி, 'நிலுவை இல்லை' என்று மின்னஞ்சலிலாவது வாங்கிவிட வேண்டும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் தள்ளுபடி ஆனதாக எழுத்தில் வரும்வரை அது பாக்கிதான்.

முன்பு கடன் கொடுப்பவர்கள் மாதம் ஒரு முறை தகவல் அனுப்பினார்கள். 5-ம் தேதி பவுன்ஸ் ஆனதை 25-ம் தேதி கட்டினாலும் மாதக் கடைசிக் கணக்கில் தெரியாமல் தப்பியவர்கள் உண்டு. 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்தப் பழைய கணக்கு இனி உதவாது. கட்டிய பாக்கி விரைவில் ரிப்போர்ட்டில் ஏறும் என்பது இதிலுள்ள நல்லது.

90 நாளைத் தாண்டிவிட்டால் ஆட்டமே வேறு. கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு ஒன்றிரண்டு தவணை கட்டி மீட்க முடியாது. அதுவரை கட்டத் தவறிய அசல், வட்டிப் பாக்கி முழுவதையும் தீர்த்தால்தான் ஒழுங்கான கணக்காக மாறும். அதே வங்கியில் அவருக்கு வேறு கடன் இருந்தால், அதை ஒழுங்காகக் கட்டி வந்தாலும் அதுவும் வாராக்கடனில் சேரும். மூன்று தவணை நிற்கிறது, கையில் இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றாலும் 90 நாளுக்கு முன்பே அந்த இரண்டைக் கட்டிவிடுவது எவ்வளவோ மேல்.

கிரெடிட் கார்டுக்கு விதி கொஞ்சம் தளர்வு. கடைசித் தேதியிலிருந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று தகவல் அனுப்பவோ தாமதக் கட்டணம் போடவோ முடியும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு உத்தரவு. ஒரு செலவைப் பற்றிய புகார் நிலுவையில் இருக்கும்போது அதைத் தவறிய பாக்கியாக அனுப்பக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் ரிப்போர்ட் கெடாது. ஆனால் வட்டி குட்டி போடும். பயன்படுத்தாமல் பீரோவில் கிடக்கும் கார்டுக்கு விழும் ஆண்டுக் கட்டணம்தான் பலருக்குத் தெரியாமல் வருகிற பாக்கி.

நம் ஊரில் சொல்லியே ஆகவேண்டியது நகைக்கடன். நகைதான் அவர்களிடம் இருக்கிறதே, எதற்கு அவசரம் என்ற நினைப்பு. வங்கி நகைக்கடனும் ரிப்போர்ட்டில் ஏறுகிறது. மொத்தமாகத் திருப்பும் கடனில் ஓராண்டு கெடு முடிந்த மறுநாளே நாள் எண்ணிக்கை தொடங்கும். இரண்டு மாதம் கழித்துத் திருப்பி வைத்தால் அந்த இரண்டு மாதமும் பதிவில் நிற்கும். கல்விக் கடனில் பிள்ளை கட்டத் தவறினால், சேர்ந்து கையெழுத்திட்ட அப்பாவின் ரிப்போர்ட்டிலும் அதே எண் ஏறும். ஜாமீன்தாரருக்கும் அப்படித்தான்.

அடுத்தது தவறான பதிவு. கட்டியிருந்தும் கட்டவில்லை என்று வந்தால், அல்லது பவுன்ஸுக்குக் காரணமே கடன் கொடுத்தவர் என்றால், அதை மாற்றிக் கேட்பது நம் உரிமை. பவுன்ஸ் ஆன காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். 'போதிய இருப்பு இல்லை' என்றால் வாதாட இடமில்லை. மாண்டேட் (தவணையைத் தானாகப் பிடிக்க நாம் தரும் அனுமதி) பதிவாகவில்லை, கையெழுத்து பொருந்தவில்லை என்ற வகைக் காரணமாக இருந்து, அன்றைக்குக் கணக்கில் பணமும் இருந்திருந்தால், அந்த நாளின் வங்கி ஸ்டேட்மென்ட் ஒன்றே வலுவான சாட்சி.

புகாரைக் கடன் கொடுத்தவருக்கும், பதிவு தவறாக உள்ள தகவல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். ரிப்போர்ட்டின் மேலே உள்ள கண்ட்ரோல் நம்பர், கடன் கணக்கு எண், எந்த மாதக் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், பணம் போனதற்கான யு.டி.ஆர். எண் (வங்கிப் பரிமாற்ற எண்) இவ்வளவும் இருந்தால் போதும். "என் ஸ்கோர் குறைவாக உள்ளது, சரிசெய்யவும்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. ஸ்கோர் கணக்கிட்டு வருவது. மாற்றக் கூடியது அதற்குக் கீழே உள்ள பதிவைத்தான். தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். அதைத் தாண்டினால், 30 நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு, யாரால் தாமதமோ அவர் தரவேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பதால்தான் பலருக்குத் தெரியவில்லை. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம், அந்த வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்; வழி கேட்க 14448. 2022 செப்டம்பர் முதல் தகவல் நிறுவனங்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

செட்டில்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. 80,000 பாக்கிக்கு 30,000 கட்டினால் போதும் என்று வசூல்காரர் சொல்லும்போது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். வேறு வழியே இல்லாதவர் ஏற்கலாம், குறை சொல்ல மாட்டேன். வழி இருப்பவர் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டு முழுதாகக் கட்டுவதே நல்லது. ஏற்கெனவே செட்டில் செய்தவர், விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டிச் சான்றிதழ் பெற்று, நிலையை 'முடிந்தது' என மாற்றச் சொல்லி எழுதிக் கேட்கலாம். பழைய மாத எண்கள் மட்டும் அப்படியே இருக்கும்.

உண்மையான தாமதத்துக்கு மருந்து காலம்தான். புதிய கட்டங்கள் 000 என்று வர வர, பழையவை பின்னால் தள்ளப்படும். அந்த இடைவெளியில் கண்ட கடன் செயலிகளிலெல்லாம் விண்ணப்பித்துப் பார்ப்பது புண்ணைச் சொறிவது போல; ஒவ்வொரு விண்ணப்பமும் 'விசாரணை' என்று பதிவாகும். புதிதாக நல்ல பதிவு வேண்டும் என்றால் வைப்புத்தொகையின் பேரில் தரும் கார்டு போதும். 20,000 வரம்பு என்றால் செலவை 6,000-க்குள் வைத்துக்கொண்டு, பில் போடும் நாளுக்கு முன்பே கட்டிவிடலாம். கெடுவுக்குள் முழுதும் கட்டினாலும், பில் நாளில் 18,000 நின்றால், வரம்பை ஒட்டிய அந்த 18,000 தகவலாகப் போய் ஸ்கோரைக் குறைக்கக்கூடும்.

தவணைத் தேதி சம்பளத் தேதிக்கு முன்னால் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். முந்தின நாள் மாலையே பணம் கணக்கில் இருக்கட்டும். ஞாயிறு விடுமுறை என்ற கணக்கும் செல்லாது. 2021 ஆகஸ்டு முதல் எல்லா நாளும் பணம் பிடிக்கப்படுகிறது. வேலை மாறிச் சம்பளக் கணக்கு மாறினால் மாண்டேட்டையும் மாற்ற வேண்டும்.

கடைசியாக அந்த விளம்பரக்காரர்கள். அவர்கள் செய்வது இதுதான்: பான், ஆதார், ஓ.டி.பி. வாங்கி, எல்லாக் கணக்கின் மீதும் ஒரே மூச்சில் புகார் போடுவார்கள். அந்தப் பதிவுகளின் பக்கத்தில் 'புகார் நிலுவையில்' என்ற குறிப்பு வரும். அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். சில வாரத்தில் கடன் கொடுத்தவர் "பதிவு சரியே" என்று சொல்ல, குறிப்பு மறைந்து பழைய எண் நிற்கும். அதற்குள் நம் ஓ.டி.பி.யில் அவர்கள் வேறென்ன திறந்து பார்த்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இத்தகைய வரி விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்காமல் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தஞ்சாவூர்