வரைவு பட்ஜெட்டை வார்டு வாரியாகப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி, டர்பன் பகுதியில் சாட்ஸ்வொர்த் குடியிருப்பை இந்தியருக்கும் உம்லாசி குடியிருப்பைக் கறுப்பினத்தவருக்கும் என வகுத்தது. அந்தப் பாகுபாட்டைத் திருத்த நகராட்சி பட்ஜெட்டே வழி. நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. 90 நாள் முன்பே வரைவை மன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு நகராட்சி நிதிச் சட்டம். ஆகவே வரைவு பற்றிய உங்கள் கருத்தை ஏப்ரலில் நகராட்சிக்கு எழுதுங்கள். ஜூனில் கூட்டம் போட்டுக் கத்திப் பயனில்லை.

நகரச் சராசரியை நம்பாதீர்கள். வசதியான பகுதியின் செலவு அதில் ஏழைப் பகுதியின் குறையை மறைத்துவிடும். வார்டு எண், திட்டப் பெயர், மூன்றாண்டு ஒதுக்கீடு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பக்கத்து வார்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். (நம் வார்டுக்கு மட்டும் கேட்டால் பழைய வேலிதான் உறுதிப்படும்.) எழுத இயலாதவர் சொல்வதை நகராட்சி ஊழியரே எழுதித் தர வேண்டும், 2000-ஆம் ஆண்டு நகராட்சி முறைமைகள் சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

– வாசகர், டர்பன்