லாவோஸ் கட்டுரையில் விடுபட்ட பெடியள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் லாவோஸின் இரகசியப் போர் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கட்டுரை. லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962இல் ஜெனீவாவில் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகும் வட வியட்நாம் தன் படையை அங்கேயே வைத்திருந்தது. அமெரிக்கா தன் பங்குக்குச் சத்தமில்லாமல் ஒரு படையை வளர்த்தது. 1964 முதல் 1973 வரை 20 லட்சம் தொன்னுக்கு மேல் குண்டு கொட்டியது. இதெல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. லாவோஸின் தாம் பியூ குகையைப் பற்றி வாசித்தபோது எனக்கு எங்கள் யாழ்ப்பாணத்து நவாலிதான் ஞாபகம் வந்தது. அங்கே குகைக்குள் ஒளிந்த சனம், இங்கே 1995 ஜூலை 9இல் சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் ஒதுங்கிய சனம். இரண்டு இடத்திலும் குண்டு மேலேயிருந்துதான் வந்தது.

ஆனால் சி.ஐ.ஏ. பணத்தில் ஜெனரல் வாங் பாவ் நடத்திய, லாவோஸ் மலைகளில் வாழும் மொங் இனத்தவரின் படையில் உண்மையில் யார் நின்று சண்டை பிடித்தார்கள்? ‘மலைவாழ் போராளிகள்’ என்ற இரண்டு சொல்லோடு கட்டுரை அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது.

எட்கர் புவெல் என்ற அமெரிக்க உதவிப் பணியாளர் 1968இல் ஒரு கணக்குச் சொன்னார். புதிதாகச் சேர்த்த 300 பேரில் நூற்றுக்கு 30 பேர் 14 வயதும் அதற்குக் குறைவும். அதில் பத்துப் பேருக்கு வயது பத்துத்தான். இன்னொரு 30 வீதம் பதினைந்து, பதினாறு வயதுக்காரர். மிச்சம் 40 வீதம் 45 வயதைத் தாண்டியவர்கள். இடையில் உள்ளவர்கள் எங்கே என்று கேட்டு, எல்லோரும் செத்துப்போனார்கள் என்று அவரே பதிலும் சொன்னார். சொன்னவர் அந்தப் படைக்கு எதிரானவர் அல்ல, விமானத்தில் அரிசி கொண்டுபோய்ப் போட்டு அந்தச் சனத்தோடேயே இருந்தவர். நான் கணக்குப் படிப்பித்தவன். வீதக்கணக்குகள் எத்தனையோ போட்டிருக்கிறேன். இந்த வீதத்தைப் பார்த்த பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

காரணம், இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. 95 ஒக்டோபர் இடம்பெயர்வோடு நாங்கள் வன்னிக்குப் போனோம். அங்கே கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். காலையில் இடாப்பைக் கூப்பிடும்போது ஒரு பெயருக்குப் பதில் வராது. இரண்டாம் நாளும் வராது. மூன்றாம் நாள் பக்கத்து வாங்குப் பொடியன், ‘இயக்கத்துக்குப் போட்டான் சேர்’ என்பான். இயக்கம் என்றால் புலிகள். ஆரம்பத்தில் அப்படித்தான், போனார்கள். பின்னாளில், கடைசிச் சண்டைக்காலத்தில், கொண்டுபோனார்கள். ஒரு தாய் வந்து, ‘இவனுக்கு இன்னும் பதினஞ்சு முடியேல்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ சேர்’ என்று கேட்டா. எழுதிக் கொடுத்தேன். துண்டை வாங்கிப் பார்த்தார்களாம், திருப்பியும் கொடுத்தார்களாம். பொடியனைத் திருப்பித் தரவில்லை. கலியாணம் முடித்தால் விடுவார்கள் என்று பதினாறு வயதுப் பெட்டைக்கு அவசரமாகத் தாலி கட்டிய வீடுகளும் உண்டு. (அதுவும் கொஞ்சக் காலந்தான் பலித்தது.)

இதைச் சொன்னால், ‘அதுகள் தாங்களாகத்தானே போனதுகள்’ என்பார்கள். சிலர் அப்படிப் போனதும் உண்மைதான். ஷெல்லடியில் தகப்பனைப் பறிகொடுத்தவனை யாரும் இழுத்துக்கொண்டு போகத் தேவையிருக்கவில்லை. ஆனால் 14 வயதுப் பிள்ளை தானாக வந்தாலும், திருப்பி வீட்டுக்கு அனுப்பவேண்டியது வளர்ந்தவர்களின் வேலை. மொங் கிராமத்திலும் அப்படி அனுப்ப ஆள் இருக்கவில்லை.

‘இதை நாங்களே எழுதினால் மற்றப் பக்கம் தூக்கிப் பிடிக்கும்’ என்றும் சொல்வார்கள். தூக்கிப் பிடிக்கட்டும். கிழக்கில் புலிகளிடமிருந்து பிரிந்து போன கருணா குழு சிறுவர்களைப் பிடித்ததையும், அதற்கு அரச படையினர் சிலர் துணை நின்றதையும் 2006இல் ஐ.நா. சார்பில் வந்த அலன் றொக் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பக்கத்துக்கும் கை சுத்தமில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் பிடித்திருந்த படங்களைப் பாருங்கள். மீசை அரும்பாத முகங்களும் அதில் உண்டு. ஒரே பிள்ளையை முதலில் ஒரு பக்கம் கொண்டுபோனது, பிறகு மற்றப் பக்கம் கொண்டுபோனது. இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்க அந்தத் தாய்க்கு உரிமை இருக்கிறது. நாங்கள் ஒன்றை மட்டும் கேட்கச் சொல்கிறோம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். 1975 மே மாதம் வாங் பாவ் விமானம் ஏறித் தாய்லாந்துக்குப் போனதும், விமானத்தில் இடம் கிடைக்காத சனம் மேகோங் ஆற்றைக் கடக்கப் பட்ட பாடும், நிலத்தில் கிடக்கிற கொத்துக்குண்டுகளும் அதில் வரும் என்று நினைக்கிறேன். முகமாலையில் கண்ணிவெடி எடுத்த நிலத்தைக் கண்டவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த 300 பேரின் கணக்கையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். எங்கள் கணக்குக்கும் எப்போதாவது ஒரு பக்கம் ஒதுக்குவீர்கள் என்றால், என்னுடைய ஒரு வகுப்பைப் பற்றி மட்டும் எழுதித் தருகிறேன். பெற்றோரைக் கேட்டுவிட்டு, பெயர் போடாமல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.