நீல ரத்தமும் தட்டை உதரவிதானமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. அதனாலோ என்னவோ, உயிரியல் என்றாலே மனப்பாடம் என்ற பேச்சு இப்போது ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. உறுப்பு மண்டலங்கள் ஆறாம் வகுப்பில் அறிமுகமாகின்றன. பத்தாம் வகுப்பில் இதய வால்வுகள் வரை பாடம் போய்விடுகிறது. இத்தனைக்கும் பிறகு பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளிடம் சிரை ரத்தம் என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். 'நீலம்' என்று தயங்காமல் சொல்பவர்கள் உண்டு. பாடநூலின் இதயப் படத்தில் அப்படித்தானே இருக்கிறது!

ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கருஞ்சிவப்பு. தோலுக்கு அடியில் உள்ள சிரை நீலமாகத் தெரிவது, தோல் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும் விதத்தால். பாடப்படத்தின் நீலம் வெறும் அடையாள நிறம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். படத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அது நம்மைப் பார்த்து நிற்கும் ஆளின் இதயம். ஆகவே தாளின் வலப்பக்கம் இருப்பது இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை). படத்தை மார்பில் வைத்து வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் இடமும் வலமும் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். 'தமனி என்றால் நல்ல ரத்தம், சிரை என்றால் கெட்ட ரத்தம்' என்ற பழைய வாய்ப்பாட்டையும் கைவிட வேண்டும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடுவது விதிவிலக்காகவே தோன்றாது.

இவற்றைச் சோதனையாகச் செய்து காட்டலாமே என்றால், ஆய்வகம் இல்லை, கருவி இல்லை என்பது வழக்கமான பதில். உடல் மண்டலங்களைப் பொறுத்தவரை அந்தப் பதில் பெரும்பாலும் செல்லாது. தேவையானவை மருந்துக்கடையிலும் கறிக்கடையிலும் வெற்றிலைக் கடையிலும் கிடைக்கின்றன. சோதனைகள் கைவிடப்படுவதற்கு வேறொரு காரணம் உண்டு: ஒருமுறை செய்து பார்த்தார்கள், வரவில்லை, அதோடு விட்டுவிட்டார்கள். ஏன் வரவில்லை என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டும்படியான காரணங்கள் இருக்கின்றன.

உமிழ்நீர் ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) செரிக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ச் இருக்கும்வரை அயோடின் பட்டால் கருநீலமாகும், செரித்துவிட்டால் ஆகாது. வடிகஞ்சியை அப்படியே எடுத்து, கொஞ்சம் எச்சில் விட்டு, அயோடின் ஊற்றினால் கருநீலம்தான் வரும். வகுப்பு முடியும்வரை மாறாது. கஞ்சியில் ஸ்டார்ச் மிக அதிகம் என்பதே காரணம். 1 கிராம் சோள மாவை முதலில் சிறிது பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறி, மொத்தம் 200 மில்லி ஆக்கினால் போதும். அது முழுதாக ஆறியிருக்க வேண்டும். சுடச்சுட இருக்கும் கரைசலில் எச்சிலை விட்டால், ஸ்டார்ச்சைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி அங்கேயே கெட்டுவிடும். சூடான ஸ்டார்ச்சில் அயோடினைச் சேர்ப்பதில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது: சூட்டில் நீல நிறம் தானாகவே மறையும், ஆறினால் திரும்பி வரும். நிறம் மறைந்ததைப் பார்த்துச் செரிமானம் நடந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

அயோடின் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை 10 மில்லி நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைப் போட்டுக் கரைத்த பிறகே 300 மில்லிக்கு நீர் சேர்க்க வேண்டும். இதற்கு வழியில்லாத பள்ளிகள், புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் மருந்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பயன்படுத்தலாம். அயோடினைச் சோதனைக் குழாயில் ஊற்றக் கூடாது. வெள்ளைத் தட்டில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து, 5 மில்லி ஸ்டார்ச்சும் 1 மில்லி உமிழ்நீரும் கலந்த குழாயிலிருந்து 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து அச்சொட்டுகளில் விட வேண்டும். கருநீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் பழுப்பிலேயே நின்றுவிடும். குழாய் 37 டிகிரிக்கு அருகில் இருந்தால் நல்லது. நம் ஊர் மதிய வகுப்பறை அதற்கு ஏறத்தாழப் போதுமானது, மார்கழி காலை போதாது. சிலருடைய எச்சில் வேகமாக வேலை செய்யும், சிலருடையது மெதுவாக. அது சோதனையின் கோளாறு அல்ல. அமைலேஸின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அவரவர் எச்சிலை அவரவரே கையாள வேண்டும், குழாய்களை பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்ட பிறகே கழுவ வேண்டும்.

ஒப்பீட்டுக் குழாய்கள் இல்லாமல் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. ஒன்றில் எச்சிலுக்குப் பதில் தண்ணீர். ஒன்றில் 5 நிமிடம் கொதிநீரில் வைத்து ஆறவைத்த எச்சில். இன்னொன்று பனிக்கட்டியில் நிற்கும் குழாய். கடைசி இரண்டிலும் நிறம் மாறாது. பிறகு இரண்டையும் வெதுவெதுப்பான நீருக்கு மாற்றினால், பனிக்கட்டியில் இருந்தது வேலையைத் தொடங்கும், கொதித்தது தொடங்காது. குளிரில் நொதி மந்தமாகிறது, கொதிநிலையில் அதன் அமைப்பே குலைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது.

அடுத்தது இதயம். தவளையை அறுப்பது பள்ளிகளில் நின்றுபோனது நல்லதே. அதோடு சேர்த்து உண்மையான உறுப்பைப் பார்ப்பதும் நின்றுபோனதுதான் வருத்தம். உணவுக்காக வெட்டிய ஆட்டின் இதயம் கறிக்கடையில் கிடைக்கிறது. மனித இதயம் போலவே நான்கு அறைகள், அதே வால்வுகள். விருப்பமில்லாத பிள்ளைகளைத் தொடச் சொல்ல வேண்டாம்.

கடைக்காரரிடம் முன்கூட்டியே இரண்டு செய்திகளைச் சொல்லி வைக்க வேண்டும். கீறாமல் தர வேண்டும். மேலே உள்ள ரத்தக் குழாய்களை இரண்டு மூன்று சென்டிமீட்டராவது விட்டு வெட்ட வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் இதயத்தில் ரத்தம் வடிய ஒரு கீறல் இருக்கும், பெருந்தமனி அடியோடு போயிருக்கும், சில சமயம் ஆரிக்கிள்களும் (மேலறைகளும்) இருக்காது. அதை வைத்துக்கொண்டு வால்வு வேலை செய்வதைக் காட்ட முடியாது. வாங்கிய அன்றே பயன்படுத்திவிடுங்கள். ஃபார்மலினில் ஊறியது கட்டிதட்டிப் போகும். அதன் ஆவியும் பிள்ளைகளுக்கு ஆகாது.

முதலில் கத்தியை எடுக்க வேண்டாம். விரல்களால் இரு பக்கமும் அழுத்தச் சொல்லுங்கள். கெட்டியாக இருப்பது இடது வெண்ட்ரிக்கிள், தொளதொளவென்று இருப்பது வலது. கூர்நுனியும் இடது வெண்ட்ரிக்கிளைச் சேர்ந்ததே. முன்பக்கத்தில் கொழுப்பு படிந்த பள்ளம் ஒன்று சாய்வாக இறங்கும். இரு வெண்ட்ரிக்கிள்களுக்கும் அதுதான் வெளி எல்லை. அறைகளில் உறைந்த ரத்தக் கட்டிகளைக் குழாய் நீரில் அலசி எடுத்துவிட வேண்டும். அவை வால்வுகளை அடைத்துக்கொள்ளும். பிறகு ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பெருந்தமனிக்குள் நீரைச் செலுத்துங்கள். நீர் கீழே இறங்காமல் நிற்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று பிறைவடிவ மடிப்புகள் நீர் நிறைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது தெரியும். நீர் மட்டம் மெல்ல இறங்கினால் கலங்க வேண்டாம்: மடிப்புகளுக்குச் சற்று மேலே இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளின் வாய்கள் இருக்கின்றன, நீர் அவற்றின் வழியே கசிகிறது. அந்த வாய்களையும் காட்டிவிடலாம், மாரடைப்பு என்றால் என்ன என்று பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்து, இடது ஆரிக்கிள் வழியாகக் கத்தரிக்கோலின் மொண்ணை அலகை விட்டு, பக்கச் சுவரைக் கூர்நுனிவரை வெட்ட வேண்டும். ஈரிதழ் வால்வும், அதன் இதழ்களைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் வெண்ணிற நாண்களும் தெரியும். ஒரு நாணை இடுக்கியால் இழுத்துப் பார்த்தால் அதன் உறுதி புரியும். வலப்பக்கத்தையும் இதேபோல் திறந்து இரு சுவர்களையும் அருகருகே வைத்து ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். இடதுசுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பாக இருக்கும். 'இடதுபக்கம் அதிக ரத்தத்தைச் செலுத்துகிறது' என்று இதற்குக் காரணம் எழுதும் மாணவர்கள் ஏராளம். அது தவறு. ஓய்வில் இரு வெண்ட்ரிக்கிள்களும் துடிப்புக்குச் சுமார் 70 மில்லிதான் தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். வேறுபடுவது அழுத்தம். மனிதரில் இடதுபக்கம் 120 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் எழுப்ப வேண்டும், வலதுபக்கத்துக்கு 25 போதும்.

நடுச்சுவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் ரத்தம் சுற்றிவருகிறது என்று நிறுவியபோதும் தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை (மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை) அவர் கண்டதில்லை. அவர் 1657இல் இறந்தார். இத்தாலிய அறிவியலாளர் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைப் பார்த்தது 1661இல். ஹார்வி பயன்படுத்திய சான்று ஒன்றை எந்த வகுப்பிலும் செய்யலாம். மேற்கையில் துணியை மிதமாகக் கட்டி, முன்கைச் சிரை புடைத்ததும் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் மேல்நோக்கி அடுத்த முடிச்சு தாண்டும்வரை வழித்துவிட வேண்டும். வழித்த பகுதி காலியாகவே கிடக்கும், மேலிருந்து ரத்தம் இறங்காது. அந்த முடிச்சுதான் வால்வு. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் நிரம்பிவிடும். துணி ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

சுவாசத்துக்குப் பெரும்பாலான பள்ளிகளில் ஒரு மாதிரி செய்கிறார்கள்: அடி வெட்டிய பாட்டில், உள்ளே நுரையீரல்களாக இரண்டு பலூன், அடியில் உதரவிதானமாக (மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசைத் தகடாக) இழுத்துக் கட்டிய ரப்பர். வேலை செய்யாவிட்டால் மூடித் துளையில் காற்று கசிகிறது என்று பொருள், மெழுகால் அடைத்தால் சரியாகும். வேலை செய்தாலும் அது ஒரு தவறைக் கற்றுத் தருகிறது. ஓய்வில் ரப்பர் தட்டையாக இருக்கிறது, இழுத்தால் கீழே புடைக்கிறது. நம் உதரவிதானமோ ஓய்வில் கவிழ்த்த கிண்ணம், சுருங்கும்போதுதான் தட்டையாகிறது. மாதிரியில் விலா எலும்புகள் அசைவதில்லை, பலூனுக்கும் சுவருக்கும் இடையே உடலில் இல்லாத பெரிய இடைவெளி இருக்கிறது. இந்த மூன்று வேறுபாடுகளையும் மாணவரே பட்டியலிட்டால் மாதிரி பயனுள்ளது, இல்லாவிட்டால் செய்யாமலே இருக்கலாம். நுரையீரல் பலூன் போன்ற வெறும் காற்றுப் பை அல்ல, பஞ்சுபோல் உள்ளெங்கும் காற்றைப் பிடித்து வைத்திருப்பது என்பதற்கு ஆட்டு நுரையீரலில் ஒரு துண்டையும் ஈரலில் ஒரு துண்டையும் தண்ணீரில் போட்டால் போதும். முதலாவது மிதக்கும், இரண்டாவது மூழ்கும். மனித நுரையீரலில் அப்படிக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் நுண்ணறைகள் ஏறத்தாழ 30 கோடி.

சுண்ணாம்பு நீர்ச் சோதனை வராததற்குப் பெரும்பாலும் காய்ந்துபோன சுண்ணாம்பே காரணம். அது ஏற்கெனவே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கார்பனேட்டாகியிருக்கும். ஈரமான வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, இரவு முழுவதும் மூடி வைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு குழாயில் ஸ்ட்ராவால் ஊதுங்கள். இன்னொன்றில் சைக்கிள் பம்பால் சாதாரணக் காற்றைச் செலுத்துங்கள். ஊதியது விரைவில் பால்நிறமாகும், மற்றது மிக மெதுவாக. தொடர்ந்து ஊதினால் மீண்டும் தெளிந்துவிடும், ஆகவே நிறம் மாறியதும் நிறுத்த வேண்டும். உறிஞ்சக் கூடாது என்று முன்பே எச்சரிப்பது கட்டாயம். வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 4 விழுக்காடுதான், ஆக்சிஜன் இன்னும் 16 விழுக்காடு இருக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால், 'ஆக்சிஜனை உள்ளிழுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறோம்' என்ற அரைகுறை வாக்கியம் விடைத்தாளில் குறையும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. உயிரியல் பகுதியில் அது பெரும்பாலும் மாதிரியைப் பார்த்துப் பெயர் சொல்வதோடு முடிகிறது. எழுத்துத் தேர்விலோ 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்பது நிரந்தர விருந்தாளி. வினாத்தாள் அமைப்பவர்களுக்கு எங்கள் கோரிக்கை இதுதான்: படத்தை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிக் கேளுங்கள். ஈரிதழ் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் எந்த அறைக்குத் திரும்பும்? அப்போது நோயாளிக்கு மூச்சு வாங்குவது ஏன்? தொண்டைத் தொற்றைக் கவனிக்காமல் விடுவதால் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல் அதிகம் தாக்குவது அந்த வால்வைத்தான்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்கள் சிலர்